தலைக்கும் கைக்கும் ஒரே டார்ச்லைட்: கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கில் எங்களுடையது சின்ன இரும்புச் சாமான் கடை. ஆணி, பைப்பு, கயிறு, ரப்பர் பால் வெட்டும் கத்தி, பால் பிடிக்கும் மங்கு எல்லாம் கிடைக்கும். சில வருடங்களாக இந்த வளைந்த தலை டார்ச்லைட்டும் விற்கிறோம். இதைப் பற்றி மட்டும் ஆளாளுக்கு நின்று அரை மணி நேரம் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதியே வைத்துவிட்டேன்.

அண்ணே, இது கையில் பிடிப்பதா, தலையில் மாட்டுவதா?

இரண்டும். நடுவிரலைவிடச் சற்று நீளமாக ஓர் உலோகக் குழாய். சாதாரண டார்ச்லைட்டில் வெளிச்சம் நுனியிலிருந்து நேராகப் போகும். இதில் நுனிக்குக் கொஞ்சம் கீழே, பக்கவாட்டில் வரும். அதனால் குழாயைப் படுக்க வைத்து நெற்றிப் பட்டையில் செருகினால் வெளிச்சம் முன்னால் விழும். பட்டையிலிருந்து உருவிக் கையில் பிடிக்கலாம், கிளிப்பைச் சட்டைப் பையிலோ இடுப்பு வாரிலோ மாட்டலாம். பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஒரு காந்தம் இருக்கும். மோட்டார் ரிப்பேர் பார்க்கும்போது ஏதாவது இரும்புப் பாகத்தில் ஒட்டிவிட்டு இரண்டு கையாலும் வேலை செய்யலாம். உள்ளே திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் லித்தியம் பேட்டரி. பேட்டரியோடு சேர்த்து ஏறக்குறைய 100 கிராம் எடை.

சாதாரண ஹெட்லைட்டே பத்து இருபது வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைக்கிறதே, இது எதற்கு?

கழற்றுவதற்கு. சிரிக்காதீர்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது.

தலையில் மாட்டிக்கொண்டு இருட்டில் கித்தாக் காட்டுக்குள் (ரப்பர் தோட்டத்துக்குள்) நடந்து பாருங்கள். தரை முழுக்க ஒரே வெளுப்பாகத் தெரியும். வேர் எது, பள்ளம் எது, சருகு மூடிய கான் (வடிகால்) எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. விளக்கும் கண்ணும் ஒரே இடத்தில் இருப்பதால், ஒவ்வொரு பொருளின் நிழலும் அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. நிழல் கண்ணில் படாவிட்டால் மேடு பள்ளமும் படாது. அதே லைட்டைக் கழற்றி இடுப்பில் மாட்டுங்கள். வேர் ஒவ்வொன்றும் நீளமாக நிழல் போட்டு எழுந்து நிற்கும். கால் தானாக இடம் பார்த்து வைக்கும்.

பனி மூட்டத்திலும் இதே கதைதான். குனோங் ஜெராய் மலை அடிவாரத்துப் பக்கம் மழை பெய்த மறுநாள் விடிகாலையில் போனவர்களுக்குத் தெரியும். தலையில் லைட் எரிந்தால் கண் முன்னால் வெள்ளைத் துணி கட்டியது மாதிரி இருக்கும். பனித்துளியில் பட்ட வெளிச்சம் நேராகக் கண்ணுக்கே திரும்பி வருகிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் துணி இன்னும் வெள்ளையாகும், அவ்வளவுதான். இடுப்புக்கு இறக்கினால் பாதை தெரியும்.

ஆனால் தலையில்தான் இருக்க வேண்டும் என்ற நேரமும் உண்டு. மரத்தடியில் நிற்கும்போது இரண்டு கையும் வேலையில் இருக்கும். இன்னொன்று, மிருகங்களின் கண் மின்னுவது விளக்கு நம் கண்ணோடு ஒட்டி இருந்தால்தான் தெரியும். பட்ட வெளிச்சம் வந்த வழியே திரும்புவதால், இடுப்பில் விளக்கு இருந்தால் மின்னல் இடுப்புக்குத்தான் போகும். மரநாய், நாய், சிலந்தி கூட மின்னும். பாம்பின் கண் அப்படி மின்னாது. ஆகவே கண் எதுவும் மின்னவில்லை என்பதால் பாம்பு இல்லை என்று நம்பிக் காலை வைத்துவிடாதீர்கள். நம் பக்கத்தில் விஷம் துப்பும் நாகம் உண்டு.

பாலுக்கு மரம் சீவ எப்படி மாட்டினால் நல்லது?

இதைச் சொல்லிக்கொடுத்தவர் என் அம்மா. பதினெட்டு வயதில் கத்தி பிடித்தவர். அந்தக் காலத்தில் நெற்றியில் கார்பைட் லைட்டு. சின்ன டப்பாவுக்குள் கார்பைட் கல்லைப் போட்டு மேலே தண்ணீர் சொட்டவிட்டால் அசிட்டிலீன் வாயு வரும், அதைப் பற்றவைப்பது. பூண்டு மாதிரி ஒரு நாற்றம். இடுப்பில் கொசுவத்திச் சுருள் புகைந்துகொண்டிருக்கும். வீட்டுக்கு வரும்போது அம்மாவின் முன்முடியில் நாலைந்து இழை கருகிச் சுருண்டிருக்கும்.

இன்றைக்கும் விடியுமுன் சீவக் காரணம் ஒன்றுதான். இரவில் மரம் நீர் ஏறி உள்ளழுத்தத்தோடு நிற்கிறது, பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலை வழியாக நீர் போய் அழுத்தம் குறையும், பாலும் சீக்கிரம் நின்றுவிடும்.

சரி, லைட்டுக்கு வருவோம். கத்தி மரப்பட்டையில் இறங்க வேண்டியது கொஞ்சம்தான். உள்ளே மரத்தை ஒட்டிய வளர்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக விட்டு நிறுத்த வேண்டும். அதைத் தொட்டுவிட்டால் காயம் முண்டும் முடிச்சுமாக ஆறும், அடுத்த சுற்றில் அந்தப் பட்டையில் கத்தி ஓடாது. நெற்றிக்கு நடுவில் லைட் இருந்தால் வெட்டுக்கோட்டின் ஆழம் தெரியாது. நேர் வெளிச்சத்தில் கோடு வெறும் கோடாகத்தான் இருக்கும். நெற்றிப் பட்டையைத் திருப்பி லைட்டை இடது புருவத்துக்கு மேலே கொண்டுவாருங்கள், கொஞ்சம் கீழே சாயுங்கள். வெளிச்சம் சரிவாக விழுந்ததும் கோட்டின் உதட்டோரம் மெல்லிய நிழல் கட்டும். அந்த நிழல் தடித்தால் ஆழம் கூடுகிறது என்று அர்த்தம். இடது கைக்காரர்கள் வலது புருவம்.

எத்தனை லூமன் (வெளிச்ச அளவு) வாங்கலாம்? ஆயிரம் போதுமா?

மரத்தடிக்கு 100 போதும். ஆயிரத்தை மரத்துக்கு இரண்டடி தள்ளி நின்று அடித்தால் கண் கூசி, அதற்கப்புறம் ஒரு நிமிடம் எதுவும் தெரியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வகையில் அதிகம் வரும் பேட்டரிக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் பெயருக்குக் காரணம். நல்ல பேட்டரியின் கொள்ளளவு 3000 எம்ஏஎச் என்று வைத்துக்கொள்வோம். அதை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 11 வாட்-மணிக்குக் கொஞ்சம் குறைவு. இப்போதைய எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். ஆக 1000 லூமனில் ஒரு மணி நேரம், 100 லூமனில் பத்து மணி நேரம். தினம் இரண்டரை மணி நேரம் இருட்டில் வேலை என்றால் 100 லூமனில் நாலு நாள் ஓடும்.

அந்த ஒரு மணி நேரமும் முழுதாகக் கிடைக்காது. இத்தனை சின்ன உடம்பில் பத்து வாட் சூட்டை வைத்துக்கொள்ள இடமில்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். கெட்டுப்போய்விட்டது என்று கொண்டுவந்து கொடுக்கிறார்கள், கெடவில்லை. உங்கள் நெற்றியைச் சுடாமல் இருக்கத்தான் அப்படி.

பெட்டியில் போட்டிருக்கும் மணி நேரத்தையும் பார்த்து நம்புங்கள். எஃப்எல்1 என்ற தரப்படி, ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும் ‘எரிந்த நேரம்’ என்றே கணக்கு. ஆயிரம் லூமன் நூற்றைம்பதாக இறங்கி மணிக்கணக்கில் எரிந்தாலும் அந்த நேரமும் சேரும்.

தோட்டக் காவல் வேலைக்கு ஆகுமா? தூரம் அடிக்குமா?

ஆகாது. இது பரந்து விழும் வெளிச்சம், பக்கத்து வேலைக்கு. செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் அந்தக் கடைசியில் யார் குலை திருடுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் பெரிய கண்ணாடிக் கிண்ணம் உள்ள நீள டார்ச்லைட்தான் சரி. தூரத்தை இரட்டிப்பாக்க வெளிச்சக் கூர்மை நாலு மடங்கு வேண்டும். அதற்கு வாய் அகலம் வேண்டும், இதில் இல்லை.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 9900 எம்ஏஎச் பேட்டரி ஐந்து வெள்ளிக்கு விற்கிறார்களே?

18650 அளவில் அப்படி ஒன்று கிடையாது. நல்ல கம்பெனிப் பேட்டரியே 3500-ஐச் சுற்றித்தான் நிற்கும். நானும் ஒரு தடவை ஏமாந்தேன். மொத்தக் கடை ஒன்றிலிருந்து ஒரு பெட்டி வாங்கி வந்து தராசில் வைத்தேன். நல்ல 18650 நாற்பத்தைந்து கிராமுக்கு மேலே நிற்கும், அது முப்பதைத் தாண்டவில்லை. காசும் போயிற்று, ஒரு மாதம் வாடிக்கையாளர் முகத்தில் விழிக்கவும் வெட்கம். எழுத்தைவிட எடை உண்மை பேசும். சந்தேகமாக இருந்தால் கடைக்குக் கொண்டுவாருங்கள், தராசு இலவசம்.

கைப்பேசி சார்ஜர் போடலாமா? புதுக் கேபிளில் சார்ஜ் ஏறவே மாட்டேன் என்கிறது.

போடலாம். யுஎஸ்பி-சி ஓட்டை உள்ளதென்றால் பெரும்பாலும் கைப்பேசியின் சார்ஜரே போதும். சிரிம் என்ற மலேசியத் தர முத்திரை உள்ள அடாப்டராகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சி வாய் உள்ள கேபிளில் ஏறவில்லை, பழைய அகல வாய்க் கேபிளில் ஏறுகிறது என்றால் லைட்டில்தான் குறை. ‘எனக்கு மின்சாரம் கொடு’ என்று சார்ஜருக்குச் சொல்ல உள்ளே இரண்டு சின்ன மின்தடை வேண்டும். ஐந்து சென் காசுக்குக் கணக்குப் பார்த்து அதை விட்டுவிடுகிறார்கள். அகல வாய்க் கேபிளைத் தொலைக்காமல் வைத்திருங்கள், வேறு வைத்தியம் இல்லை.

மெத்தை மேல் வைத்து, தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். சிமெண்ட் தரை, தட்டு, இப்படி எரியாத ஏதாவது ஒன்றின் மேல். முழித்திருக்கும் நேரத்தில்.

மழையில் நனையலாமா?

பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்றிருந்தால் சாரல் வரைக்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஐபிஎக்ஸ்8 அதற்கு மேல். சார்ஜ் ஓட்டையின் ரப்பர் மூடி சரியாக அமுங்கியிருந்தால்தான் இந்த எழுத்துக்கெல்லாம் மதிப்பு. பேட்டரி மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்துக்கு வருடத்தில் இரண்டு தடவை சிலிக்கோன் கிரீஸ் ஒரு சொட்டு தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

வெள்ளை வெளிச்சமா, மஞ்சளா?

பெட்டியில் 6500 கெல்வின் என்றிருந்தால் நீலம் கலந்த வெள்ளை. 4000 முதல் 5000 வரை என்றால் இதமான வெள்ளை. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். மரப்பட்டையின் நிறம், மண்ணின் நிறம், செம்பனை உதிரிப் பழத்தின் சிவப்பு எல்லாம் உள்ளபடி தெரியும். நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான அளவு சிஆர்ஐ; 90 என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதே பேட்டரிக்கு லூமன் கொஞ்சம் குறையும்.

பூச்சிக்கும் இது பதில். நீலம் கலந்த வெளிச்சத்துக்குத்தான் பூச்சி அதிகம் வரும், அதுவும் விளக்கு நெற்றியில் இருந்தால் நேராக வாய்க்குள். ஈசல் பறக்கும் நாளில் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு லைட்டு எதற்கு?

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு நொடி வெள்ளை வெளிச்சம் பட்டால் அந்தப் பழக்கம் போய்விடும், மங்கலான சிவப்பில் போகாது. இரவில் மீன் பிடிக்கப் போகிறவர்கள், பக்கத்தில் குழந்தை தூங்கும் வீட்டுக்காரர்கள் கேட்டு வாங்குகிறார்கள். மரம் சீவ ஆகாது.

லைட்டில் ரப்பர் பால் ஒட்டிக்கொண்டது, எப்படி எடுப்பது?

அவசரப்பட்டு ஈரத்தோடு துடைக்காதீர்கள், கண்ணாடி முழுக்கப் பூசிக்கொள்ளும். காயவிடுங்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு ஓரத்தில் நகத்தால் நெம்பினால் தோல் மாதிரி முழுசாக உரிந்து வரும். நெற்றிப் பட்டைத் துணியில் பட்டது போகாது, அதை மறந்துவிடுங்கள். பட்டையை மட்டும் வாரம் ஒரு முறை சோப்புப் போட்டு அலசினால் வியர்வை நாற்றம் போகும், இழுவையும் கொஞ்ச நாள் கூட நிற்கும்.

கொசு மருந்து பூசிய கையால் கண்ணாடியைத் தொடாதீர்கள். டீட் என்ற ரசாயனம் உள்ள மருந்து பிளாஸ்டிக்கைத் தின்னும். ஒருவர் கொண்டுவந்த லைட்டில் பெருவிரல் ரேகை அப்படியே பதிந்து மங்கிப் போயிருந்தது, துடைத்தும் போகவில்லை.

மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன், பரவாயில்லையா?

வேண்டாம். வெயிலில் நிற்கும் மோட்டார், காடி (கார்) இரண்டுமே உள்ளே அடுப்பு. லித்தியம் பேட்டரிக்கு முதல் எதிரி சூடு, இரண்டாவது எதிரி எப்போதும் முழு சார்ஜில் கிடப்பது. மாதக்கணக்கில் வைப்பதானால் பாதி சார்ஜில், வீட்டுக்குள் நிழலில். சுடச்சுட எடுத்து வந்து உடனே சார்ஜ் போடவும் கூடாது, ஆறட்டும்.

பைக்குள் தானாக எரிந்து துணி ஓட்டையாகிவிட்டது!

அதிக வெளிச்சத்தில் கண்ணாடியைத் துணி மூடியிருந்தால் அப்படித்தான் ஆகும். பையில் போடுமுன் பேட்டரி மூடியைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள், பெரும்பாலானவற்றில் மின்சாரம் அறுந்துவிடும். தளர்த்தியபின் பட்டனை அமுக்கிச் சோதித்துக்கொள்ளுங்கள். தனி பேட்டரியைச் சாவியோடு, சில்லறையோடு பையில் போடவே கூடாது. அதன் உடம்பு முழுக்க ஒரு முனை, மேல் நுனி மட்டும் மறு முனை. மேல் உறை கிழிந்திருந்தால் அந்தப் பேட்டரியைப் பயன்படுத்த வேண்டாம்.

டுரியான் பொறுக்கப் போக?

லைட் சரிதான். ஆனால் பழம் தலையில் விழலாம்; முதலில் ஹெல்மெட், அதன் மேல் லைட்.

பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போக வாங்கலாமா? ஆறு மணிக்கே பஸ் வந்துவிடுகிறது.

வாங்கலாம், சின்ன அளவாக. நம் பக்கம் சூரியன் ஏழு மணி தாண்டித்தான் வரும். ஜனவரி, பிப்ரவரியில் ஏழரையை ஒட்டிவிடும். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக்கினார்கள். அதற்கு முன் ஆறரையாக இருந்த இருட்டு இப்போது ஏழு மணி இருட்டு. இன்றும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ‘பழைய டைம்’ என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள்.

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக்கொடுங்கள். தலையில் எரியும்போது யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசக் கூடாது. எதிரில் மோட்டாரில் வருகிறவருக்குக் கண் போய்விடும். பெரியவர்களுக்கும் இது பொருந்தும், பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்கும் இடத்தில் பாதிச் சண்டை இதனால்தான்.

ஊருக்குப் போகும்போது விமானத்தில் கொண்டுபோகலாமா?

திருச்சிக்கோ சென்னைக்கோ போகிறவர்கள் கேட்கிறார்கள். கொண்டுபோகலாம், கைப்பையில். தனியாக வைத்திருக்கும் பேட்டரியைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. 100 வாட்-மணிக்குக் கீழே என்பது பொது வரம்பு, இது 11, 12 தான். நுனியில் டேப் ஒட்டி, மூடியைத் தளர்த்தி வையுங்கள்.

செத்த பேட்டரியை என்ன செய்வது?

குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், குப்பையோடு சேர்த்துக் கொளுத்தவும் கூடாது. நசுங்கினாலே தீப்பிடிக்கும் சாமான் இது. கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. நுனியில் டேப் ஒட்டி அதில் போட்டுவிடுங்கள், நிறைந்ததும் மின்கழிவு எடுக்கிறவரிடம் கொடுத்துவிடுவேன்.

வாங்குமுன் எரியவைத்துப் பார்க்கலாமா?

பார்க்காமல் வாங்காதீர்கள். பகலில் கடை வாசலில் அடித்துப் பார்த்தால் எல்லாமே ஒன்றுபோலத்தான் இருக்கும். பின்னால் சாமான் அறை இருட்டு. அங்கே சுவரில் ஒரு கித்தா மரத் துண்டைச் சாத்தி வைத்திருக்கிறேன், அம்மா கையால் போட்ட வெட்டுக்கோடு அதில் இன்னும் இருக்கிறது. பட்டையைத் தலையில் மாட்டி, புருவத்துக்கு மேலே நகர்த்தி, கோட்டின் ஆழம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாத லைட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை கடை கிடையாது, மற்ற நாளில் காலை எட்டிலிருந்து.